70,000 ரூபாய்க்குள் பழைய குளியலறை: தோற்றம் மாறாமல் சரிசெய்ய முடியுமா?

மேலவீதி:

வணக்கம். தேவகோட்டைப் பக்கம் எங்கள் தாத்தா 1950களில் கட்டிய வீடு. பின்கட்டில் கிணற்றடியை ஒட்டி 7க்கு 4 அடியில் ஒரு குளியலறை. சிவப்பு ஆக்சைடு தரை, சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், ஓட்டுக் கூரை, வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி ஓடு. சின்ன வயதிலிருந்து புழங்கிய இடம். அந்தச் சிவப்புத் தரையை இழக்க எனக்கு மனசே இல்லை.

ஆனால் அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் வலியால் இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியவில்லை. குளிக்கும் பக்கம் ஒரு மூலையில் தண்ணீர் தேங்குகிறது. சுவர் இடுப்பளவுக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் உடைச்சுட்டு மேல வரைக்கும் டைல்ஸ் ஒட்டிடலாம்" என்றார். கையில் இருப்பது 70,000 ரூபாய். ஷவர், கீசர் எதுவும் வேண்டாம். அம்மாவுக்கு அண்டாவில் காய்ச்சிய வெந்நீர்தான் பிடிக்கும். சுவரில் ஆத்தங்குடி கல் பதிக்கலாமா? எதை உடைப்பது, எதை வைத்துக்கொள்வது?

ரசமட்டம்:

கட்டட மேற்பார்வையில் வயதைக் கழித்தவன், அதனால் நேராகச் சொல்கிறேன். அந்தச் சுவரில் மேல் வரை டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். உப்புப் பூப்பது செங்கல் கீழேயிருந்து ஈரத்தை இழுப்பதால். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். டைல்ஸோ சிமென்ட் பூச்சோ போட்டு மூடினால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். கொஞ்ச நாளில் டைல்ஸ் தட்டினால் டொக் டொக் என்று சத்தம் கேட்கும். நடுவில் யாராவது சிமென்ட் வைத்துப் பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெளியேயும் பாருங்கள்: கிணற்றடித் தண்ணீர் சுவரோரம் நிற்கிறதா? நின்றால் அதைத் திருப்பிவிடுவதுதான் முதல் வேலை. அப்புறம் உப்புப் பிடித்த இடத்துக்கு ஒரு அடி மேல் வரை பூச்சைக் கொத்தி, செங்கல் இடுக்குகளைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசச் சொல்லுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் உங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

டாய்லெட் பக்கத் தரையை எப்படியும் உடைத்துத்தான் ஆகவேண்டும். குளிக்கும் பக்கத்தையும் அதோடு சேர்த்து எடுத்து வாட்டம் சரிசெய்யுங்கள். அடிக்கு ஒரு நூல் வாட்டம் போதும். 4 அடிக்கு 4 நூல், அதாவது அரை அங்குலம். வேலை முடிந்ததும் கொத்தனார் கிளம்பும் முன் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம். வாசல் பக்கம் ஈரம் படாத சிவப்புத் தரையில் கை வைக்கவே வேண்டாம்.

வெஸ்டர்ன் கோப்பை வாங்கும் முன் சுவரிலிருந்து தரைக் குழாயின் நடுமையம் வரை அளந்துகொள்ளுங்கள். 100, 225, 300 மி.மீ. என்று அளவுகள் உண்டு. பூச்சு முடிந்த சுவரிலிருந்து அளக்க வேண்டும், வெறும் செங்கல்லிலிருந்து அல்ல. இது தப்பினால் கோப்பை சுவரோடு ஒட்டாது, இல்லையென்றால் உள்ளேயே போகாது.

ஆச்சிவீட்டுப் பேத்தி:

ஆத்தங்குடி கல் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வீட்டுக் குளியலறையில் பதித்திருக்கிறோம், எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். அது சூளையில் சுட்ட டைல்ஸ் இல்லை. கண்ணாடித் தட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, பின்னால் மணலும் சிமென்ட்டும் போட்டுத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அந்த மினுமினுப்பு கண்ணாடியிலிருந்து வருவது. சுடாததால் தண்ணீரைக் குடிக்கும். எண்ணெய், மஞ்சள், சீயக்காய் எல்லாம் கறையாக இறங்கும். உப்புத் தண்ணீர் வெள்ளைப் படலம் விடும். அதை எடுக்க ஆசிட் ஊற்றினால் கல்லின் முகமே போய்விடும், சிமென்ட்டை ஆசிட் தின்னும்.

அதனால் வாளி வைக்கும் இடத்தில் வேண்டாம். உப்பு ஏறாத, தண்ணீர் தெறிக்காத ஒரு சுவரில் மட்டும் வையுங்கள். உங்கள் 4 அடிச் சுவருக்கு 8 அங்குலக் கல் வரிசைக்கு 6 வரும். மூன்று வரிசை போட்டால் 18, உடைசலுக்குச் சேர்த்து 20 கல் போதும். ஆத்தங்குடிக்கே போங்கள், உங்களுக்குப் பக்கம்தானே. பெரிய ஆர்டரில் மிஞ்சிய கற்கள் இருக்கிறதா என்று பட்டறையில் கேளுங்கள், எங்களுக்குக் குறைத்துத்தான் கொடுத்தார்கள். அவ்வப்போது துணியில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால் நிறம் எழுந்து நிற்கும்.

மேலவீதி:

இருவருக்கும் நன்றி. வெளிப்பக்கம் போய்ப் பார்த்தேன். துணி துவைக்கும் தண்ணீர் அந்தச் சுவரோரம்தான் நிற்கிறது. நடுவில் சிமென்ட் ஒட்டுப் போட்டிருப்பதும் உண்மை. இரண்டு சந்தேகம். குளிக்கும் இடத்தில் மறுபடி சிவப்பு ஆக்சைடே போட்டால் அம்மாவுக்கு வழுக்குமா? 70,000-க்குள் அடங்குமா?

ஸ்பேனர்:

பிளம்பர் பேசுகிறேன். பழைய பித்தளைக் குழாய் இருந்தால் தூக்கிப் போடாதீங்க. ஒழுகினால் உள்ளே வாஷரும் ஸ்பிண்டிலும் மாற்றினால் போதும், இப்போது வருகிற பல குழாய்களைவிட கனமான பித்தளை அது. ஆனால் சுவருக்குள் இருக்கிற பழைய இரும்புக் குழாயை நம்பாதீங்க, உள்ளே துரு அடைத்திருக்கும். புது பிளாஸ்டிக் லைனைச் சுவருக்கு வெளிப்புறமாகக் கொண்டுவந்து, குழாய் வைக்கிற இடத்தில் மட்டும் உள்ளே விடச் சொல்லுங்க. சுண்ணாம்புச் சுவரில் காடி வெட்டினால் அது பாட்டுக்கு உதிர்ந்துகொண்டே போகும்.

ரசமட்டம்:

ஸ்பேனர் சொல்வது மிகச் சரி, கூலியும் குறையும்.

வழுக்குவது பற்றி: மெருகேற்றிய ஆக்சைடு தரையில் சோப்புத் தண்ணீர் பட்டால் வயதானவர்களுக்கு ஆபத்து. குளிக்கும் இடத்துக்கும் கோப்பையைச் சுற்றியும் பாலிஷ் போடாத சொரசொரப்பான கடப்பா கல் போடுங்கள். கருப்புக் கல்லும் சிவப்புத் தரையும் அந்தக் காலத்து வீட்டுக்குப் பொருத்தமாகவே இருக்கும், விலையும் குறைவு. அதற்கும் ஆசிட் ஆகாது.

என் கணக்கு: கோப்பை, தொட்டியோடு 10,000, குழாய் வேலை 12,000, உடைப்பு, தரை, பூச்சுக் கூலி 25,000, கல், சிமென்ட், மணல், சுண்ணாம்பு 12,000. மொத்தம் 59,000. மீதி 11,000-இல் ஆத்தங்குடி கல், கைப்பிடி. தரைக்குக் கீழே மண்தான் என்பதால் தரை முழுக்க வாட்டர்ப்ரூஃப் என்று யாராவது பெரிய தொகை கேட்டால் வேண்டாம் என்றுவிடுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலைகளில் மட்டும் அடித்தால் போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள், சுவர் காயாது. மாசி, பங்குனி நல்லது.

கைப்பிடிக் கம்பியின் உயரத்தை டேப் வைத்து முடிவு செய்ய வேண்டாம். கோப்பை பொருத்தியதும் அம்மாவை உட்கார்ந்து எழச் சொல்லி, கை எங்கே ஊன்றப் போகிறதோ அங்கே சாக்பீஸால் குறியுங்கள். சுண்ணாம்புப் பூச்சில் திருகாணி நிற்காது. அந்த இடத்தில் மட்டும் பூச்சை எடுத்து, செங்கல்லுக்குள் கான்கிரீட் கட்டை வைத்து அதில் போல்ட் இறக்கச் சொல்லுங்கள். இதைப் பூச்சு வேலை தொடங்கும் முன்பே கொத்தனாரிடம் சொல்லிவிட வேண்டும்.