மாஸ்டர் கொலையும் எங்கள் நாய்ச் சண்டைகளும்

தெருநாய் பராமரிப்புக் குழுவின் முன்னாள் பொருளாளர், கொக்குவில்

கொலை விசாரணை ஒன்றில் வாக்குமூலம் கொடுத்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லலாம் என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். நான் வாக்குமூலம் மட்டும் கொடுக்கவில்லை, கொஞ்சக் காலம் சந்தேகப் பட்டியலிலும் இருந்தேன். ஆகவே எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் கொக்குவிலுக்கும் திருநெல்வேலிக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில் மாஸ்டர் தனியாக வசித்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், பிள்ளைகள் கனடாவில். வளவு நிறையக் கட்டாக்காலி நாய்கள். ஒரு நாள் காலை பால் கொண்டுவந்தவர் கேற்றில் கூப்பிட்டு, பதில் வராமல் மதிலால் எட்டிப் பார்த்திருக்கிறார். மாஸ்டர் கிணற்றடியில் கிடந்தார். தலையின் பின்பக்கம் பலத்த அடி. கேற் உள்ளே பூட்டியபடி. அலுமாரியை எவரும் தொடவில்லை, சட்டைப் பையில் காசும் அப்படியே. கைபேசியை மட்டும் காணவில்லை.

எல்லாவற்றையும் விட எல்லோரையும் குழப்பியது நாய்களின் தட்டுகள்தாம். அவற்றில் குறுணல் சோறும் மீன்தலையும் மிச்சம் இருந்தன. பழஞ்சோறு அல்ல, அன்று சமைத்தது. முதல் நாள் இரவே உயிர் போயிருக்கும் என்று ஊருக்குள் கதை பரவியிருந்தது. அப்படியென்றால் காலையில் சோறு வைத்தது யார்? கொலை செய்துவிட்டுப் போகிறவன் நாயின் பசியை நினைப்பானா? "உங்கள் குழு ஆள் என்றால் நினைப்பார்" என்று விசாரணைக்கு வந்த அதிகாரி சிரிக்காமலே சொன்னார்.

சிரிக்க முடியாதபடி அவரிடம் காரணமும் இருந்தது. எங்கள் குழு வெளியே பார்க்க ஒன்று, உள்ளே மூன்று. மாஸ்டருடைய கட்சி சோறு போடும் கட்சி. "பசித்த நாய்தான் கடிக்கும், முதலில் வயிற்றைப் பாருங்கள்" என்பார். நான் இருந்தது கருத்தடைக் கட்சி. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசாங்கம் 2006இல் நிறுத்தியது. அது நல்ல காரியம். ஆனால் அதன் பிறகு எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தக் கருத்தடையைத் தவிர வேறு வழி இல்லை. பெட்டை நாய் இரண்டு மாதத்தில் ஈன்றுவிடும், வருடத்துக்கு இரண்டு தடவை. சோற்றை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அடுத்த வருடம் சோற்றுப் பானையைப் பெரிதாக்கத்தான் வேண்டும். மூன்றாவது கட்சிக்குக் காப்பகம் கட்ட வேண்டும், அதற்கு ஒரு பெயர்ப்பலகை வேண்டும், திறப்பு விழா வேண்டும். அவர்களைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் எனக்கே நல்லதல்ல.

மூன்று கட்சிக்கும் காசு வந்தது வெளிநாட்டில் இருக்கும் உறவுகளிடமிருந்து. அங்கேதான் வினை. யார் எந்த வீதியில் எத்தனை நாய்களுக்குச் சோறு வைத்தார் என்று படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதோடு, மற்றவர் எங்கே அத்துமீறினார் என்றும் படம் எடுத்து அனுப்பினோம். பலாலி வீதிக்கு இந்தப் பக்கம் ஒருவருக்கு, அந்தப் பக்கம் இன்னொருவருக்கு என்று எல்லைகூட இருந்தது. இதைப் பார்த்துவிட்டு ஒரு நாய் சிரித்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

பொலிஸ் நிலையத்தில் எங்கள் வாட்ஸ்அப் செய்திகளை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். "மாஸ்டர் இருக்கும்வரை இந்தக் குழு உருப்படாது." எழுதியது யார்? நான்தான். "அவருடைய கொட்டத்தை அடக்குகிறேன்." அது காப்பகக் கட்சித் தலைவி. இரவு பதினொரு மணிக்குக் கோபத்தில் தட்டிய வசனத்தை, பகலில் இன்னொருவர் நிதானமாக வாசித்துக் காட்டும்போது அது அசல் கொலை மிரட்டல் போலவே கேட்கிறது.

இடையில் ஒரு கூத்து. மோப்ப நாயைக் கொண்டுவந்தார்கள். மாஸ்டரின் நாய்கள் அத்தனையும் அதைச் சூழ்ந்துகொண்டு குரைத்ததில் அது கையாளுபவரின் காலை விட்டு நகரவே இல்லை. எங்களைத்தான் கூப்பிட்டார்கள், நாய்களைப் பிடித்து அடைக்க. வாழ்நாளில் முதல் தடவையாக மூன்று கட்சியும் சேர்ந்து வேலை செய்தது அன்றுதான்.

அயல்வீட்டுக்காரர்

அந்த ஒழுங்கையில்தான் நானும் இருக்கிறேன். அன்ரி எழுதாமல் விட்டதை நான் சொல்கிறேன்: முதலில் கூட்டிக்கொண்டு போனது என்னைத்தான். நாய்த்தொல்லை பற்றிப் பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்தவன் நான். அதற்கு முந்தைய வருடம் இரண்டு நாய்கள் நஞ்சு தின்று செத்தபோதும் என் பெயர்தான் அடிபட்டது. நான் வைக்கவில்லை. அப்போது மாஸ்டர் முறைப்பாடு கொடுக்கப் போய், மிருகவதைச் சட்டம் 1907ஆம் ஆண்டுச் சட்டம், அதில் உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய் என்று தெரிந்து திரும்பி வந்தார். "நூறு ரூபாய்க்கு நாயின் உயிர்" என்று வீதியில் நின்று சத்தமாகச் சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான்.

"இரவு நாய்கள் குரைத்தனவா?" என்று கேட்டார்கள். அவை குரைக்காத இரவு எது? குரைத்தன என்பது எனக்குச் செய்தியே அல்ல. ஆனால் ஒன்று சொன்னேன். விடியப்புறம், நல்லூர்க் கோயில் மணி கேட்பதற்குச் சற்றுப் பின், எல்லா நாயும் ஒன்றாக வாயை மூடின. அவை அப்படி மூடுவது சோறு விழும்போது மட்டும்தான். அதற்கு முதல் கிணற்றில் வாளி விழுந்த சத்தமும் கேட்டது. வாளியை மாஸ்டர் எப்போதும் இரண்டு தடவை தட்டித்தான் இறக்குவார். அன்றும் இரண்டு தட்டு.

இதை எழுதிக்கொண்டார்கள். நம்பினார்களா தெரியாது, என்னை அன்று மாலை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

தாதி உத்தியோகத்தர், திருநெல்வேலி

இந்த வழக்கோடு எனக்குத் தொடர்பில்லை. ஆனால் இறந்த நேரம் பற்றி ஊர் பேசுவதைக் கேட்டு எரிச்சல் வந்ததால் எழுதுகிறேன். உடல் குளிரும் வேகம் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. குளிர்நாடுகளில் எழுதிவைத்த கணக்கு சித்திரை மாதத்து யாழ்ப்பாணத்துக்கு அப்படியே பொருந்தாது. வெளியே வெப்பம் உடலின் வெப்பத்துக்குக் கிட்ட இருந்தால் உடல் இலேசில் குளிராது. விறைப்பு மட்டும் வெப்பத்தில் சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும். அதனால் சட்ட வைத்திய அதிகாரிகள் ஒரு மணியைச் சொல்வதில்லை, ஓர் இடைவெளியைத்தான் சொல்வார்கள். அந்த இடைவெளியின் முன்முனையைத் தூக்கிக்கொண்டு "இரவே செத்துவிட்டார்" என்று சொன்னது ஊர்வாய்.

அயல்வீட்டு அண்ணை சொல்வது சரியென்றால் விடை எளிது. சோறு வைத்தவர் மாஸ்டரேதான். தட்டுகளை நிரப்பிவிட்டு, கை கழுவக் கிணற்றடிக்குத் திரும்பியபோது அடி விழுந்திருக்கிறது.

முன்னாள் பொருளாளர், மீண்டும்

தங்கச்சி சொன்னதை எங்கள் சட்டத்தரணியும் பிறகு சொன்னார். ஆனால் அந்த விளக்கம் வந்ததும் எங்கள் நிலைமை இன்னும் மோசமாகியது. முந்தைய இரவுக்கு எல்லோரிடமும் ஆள் சாட்சி இருந்தது: கணவன், பிள்ளை, கலியாண வீடு. விடிகாலைக்கு எவரிடமும் இல்லை. அந்த நேரத்தில் குழு முழுவதும் வாளியோடு தெருவில் நிற்கும்!

எங்களைக் காப்பாற்றியது எங்களுடைய கோள்தான். ரொறன்ரோவில் காசு சேர்க்கும் அக்கா அன்று காலை தனக்கு வந்த படங்களை எல்லாம் அனுப்பினார். காப்பகத் தலைவி ஆடியபாதம் வீதியில் என்னை மறைந்து நின்று எடுத்த படம், கீழே "பாருங்கள், எங்கள் பகுதியில் கை வைக்கிறார்" என்ற குறிப்போடு. நான் எடுத்த படத்தில் அவருடைய ஸ்கூட்டியும் இலக்கத்தகடும். அவருடைய தம்பியை எடுத்தது சோற்றுக் கட்சிப் பையன். ஒவ்வொன்றிலும் நேரம் பதிவாகியிருந்தது. ஒருவரை ஒருவர் மாட்டிவிட எடுத்த படங்களால் ஏறக்குறைய எல்லோரும் விடுபட்டோம். என்னுடைய எதிரி எனக்காகப் பொலிஸில் போய், "ஆம், அந்த நேரத்தில் இவர் அங்கேதான் அத்துமீறிக்கொண்டிருந்தார்" என்று கையெழுத்து வைத்தார். அந்த வசனத்தை மாற்றச் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

கொலையாளி யார் என்று கேட்பீர்கள். தெரியாது. நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸார் விசாரணை விபரம் கொடுத்த பி அறிக்கை இருக்கிறது, தவணை போகிறது. கைபேசி கிடைக்கவில்லை. பூட்டிய கேற் பெரிய மர்மம் அல்ல என்பது என் எண்ணம்: பின்மதில் இடிந்து கிடந்ததும் அதற்கு அப்பால் ஆளில்லாத வெளிநாட்டுக்காரர் வளவு இருப்பதும் ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். அந்த வளவின் எல்லை பற்றி மாஸ்டருக்கு ஒரு வழக்கு இருந்தது. அதைப் பற்றிக் குழுவில் எவரும் ஒரு நாளும் கேட்டதில்லை. எங்களுக்கு நாய்க் கதையைத் தவிர வேறு கதை கிடையாது. விசாரித்தவர்களும் பல வாரம் எங்கள் கூச்சலையே கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆற்றாமை.

குழு இப்போது இரண்டாகிவிட்டது. மாஸ்டரின் நாய்களில் ஆண் நாய்களைப் பங்கு பிரித்தாயிற்று. செவலைப் பெட்டை ஒன்றுக்குக் கருத்தடை செய்வதா இல்லையா என்று முடிவாகவில்லை. சென்ற வாரம் அது மீண்டும் சினைப்பட்டிருக்கிறது. யாருடைய பொறுப்பு என்று அந்தப் பக்கத்துக்கு நேற்றுக் கடிதம் எழுதியிருக்கிறேன், படத்தோடு.