மறு: மறு: கமாண்ட் டாங்க் – ‘தளபதி டாங்கி’ சரியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது. ‘டாங்க்’ என்பதற்கு டாங்கியா தகரியா என்ற பழைய சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். அதற்குத் தனி இழை இருக்கிறது, இன்னும் ஓயவில்லை. நான் ‘டாங்கி’ என்றே எழுதுகிறேன்; கேள்வி முன்னொட்டைப் பற்றியது: படை நடத்துபவர் உள்ளே இருந்து வானொலியில் ஆணையிடும் ‘கமாண்ட் டாங்க்’கைத் தமிழில் எப்படிச் சொல்வது?

> ‘தளபதி டாங்கி’ என்றே வைத்துவிடலாம். யாருடையது என்று வாசகருக்கு உடனே புரியும்.

யாருடையது என்று புரியும். எப்படிப்பட்டது என்று புரியாது. சிக்கலே அங்கேதான்.

பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியை 1942 நவம்பரில் எடுத்த படத்தையே எடுத்துக்கொள்வோம். எகிப்தில் எல் அலமெய்ன் போர் முடிகிற நேரம். கிரான்ட் டாங்கியின் சுழல்கோபுரத்தில் நின்று, தன் படை முன்னேறுவதைப் பார்க்கிறார். தலையில் கறுப்பு பெரே தொப்பி, அதில் இரண்டு சின்னங்கள்: ஒன்று டாங்கிப் படையினுடையது, இன்னொன்று ஜெனரலுக்கு உரியது. படக்குறிப்பு எழுதுபவர் இதைப் பார்த்து ‘தளபதி டாங்கி’ என்று எழுதினால் தப்பில்லை. ஆனால் அந்த ஆளைப் படத்திலிருந்து எடுத்துவிட்டு வண்டியை மட்டும் காட்டினால்? அருங்காட்சியகத்தில் வண்டி மட்டும்தானே நிற்கும். அப்போது எதை வைத்து அடையாளம் சொல்வது?

முதலில் அது கிரான்டா, லீயா என்று பார்க்க வேண்டும். இரண்டும் அமெரிக்காவின் எம்3 டாங்கிதான். பெரிய 75 மி.மீ. பீரங்கி உடலின் வலப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். சிறிய 37 மி.மீ. பீரங்கி மேலே சுழல்கோபுரத்தில். பிரிட்டிஷார் தங்களுக்கென்று வேறு கோபுரம் கேட்டு வாங்கினார்கள். லீயில் உச்சியில் எந்திரத் துப்பாக்கியோடு ஒரு குட்டிக் கூண்டு உட்கார்ந்திருக்கும், கிரான்டில் அது கிடையாது. கிரான்டின் கோபுரம் பின்பக்கம் நீண்டிருக்கும், வானொலிப் பெட்டி அங்கேதான். லீயில் வானொலி கீழே, உடலுக்குள். படை நடத்துபவருக்கு வானொலி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த படிதான் நம் கலைச்சொல்லுக்கு உரியது. இந்த வேலைக்கென்று மாற்றிய கிரான்ட்களில் வரைபட மேசையும் கூடுதல் வானொலியும் வைத்தார்கள். டாங்கிக்குள் காலை நீட்டவே இடம் இருக்காது. அதனால் பீரங்கியைக் கழற்றினார்கள், அல்லது கழற்றிய இடத்தில் போலியாக ஒரு குழலைப் பொருத்தினார்கள். ஏன் போலி? குழல் இல்லாத டாங்கி தூரத்திலிருந்தே தனியாகத் தெரியும். எதிரி முதல் குண்டை அதற்குத்தான் வைப்பான்.

ஜெர்மானியர் இதில் இன்னும் ஒரு படி மேலே. அவர்களுடைய மூன்றாம் பான்சர் டாங்கியின் தொடக்கக் கட்டளை வகைகளில் குழல் போலி. சுழல்கோபுரம் சுழலவே சுழலாது, போல்ட் போட்டு இறுக்கிவிட்டார்கள். (சுழலாததையும் நாம் ‘சுழல்கோபுரம்’ என்றுதான் எழுதியாக வேண்டும். கலைச்சொல்லின் தலைவிதி.) ஆனால் குழலை இவ்வளவு பாடுபட்டு மறைத்தவர்கள், எஞ்சின் மேல்தளத்துக்கு மேலே பெரிய சட்டக ஆன்டெனாவை அப்படியே விட்டுவைத்தார்கள். ஒரு பார்வையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பிறகுதான் உச்சியில் சிறு கிளைகள் விரியும் நட்சத்திர ஆன்டெனா வந்தது. அவர்களுடைய கனரக டாங்கியான டைகரின் கட்டளை வகையில் பீரங்கி உண்மையானது. பீரங்கியோடு சேர்ந்து திரும்பும் இணை எந்திரத் துப்பாக்கியை எடுத்துவிட்டு, குண்டுகளையும் 92-லிருந்து 66 ஆகக் குறைத்து, வானொலிக்கு இடம் செய்தார்கள்.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். 1944 டிசம்பரில், ஜெர்மானியர் முற்றுகையிட்ட பெல்ஜிய ஊரான பாஸ்டோனை மீட்கப் போன அமெரிக்கப் படையில் கிரெய்ட்டன் ஆப்ரம்ஸ் 37-ஆம் டாங்கிப் பட்டாலியனை நடத்தினார். இன்றைய ஆப்ரம்ஸ் டாங்கி அவர் பெயரில்தான் ஓடுகிறது. ஒன்று போனால் அடுத்தது என்று அவர் ஏறிய ஷெர்மன் டாங்கிகளுக்கெல்லாம் ‘தண்டர்போல்ட்’ என்றே பெயர். அவை சண்டை போட்ட டாங்கிகள். பெயரை அழித்துவிட்டால் பக்கத்தில் நிற்கும் ஷெர்மனிலிருந்து பிரித்துச் சொல்வது கஷ்டம். இதுவும் தளபதி டாங்கி, போலிக் குழலோடு நின்ற பான்சரும் தளபதி டாங்கி என்றால், வாசகருக்கு நாம் சொன்னது என்ன?

ஆகவே என் முன்மொழிவு: உள்ளமைப்பு மாறியிருந்தால் ஆணை டாங்கி, வெறுமனே ஒருவர் ஏறிப் போனது என்றால் ‘இன்னாரின் டாங்கி’, அதற்குத் தனிக் கலைச்சொல் தேவையே இல்லை. மேலே ‘கட்டளை வகை’ என்று நானே எழுதியது இழையில் எல்லோரும் அப்படி எழுதுவதால்தான். ‘கட்டளை’ என்றால் எனக்குக் கோயில் கட்டளைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ‘ஏவல் டாங்கி’ என்று ஓர் ஐயா எழுதியிருந்தார். நல்ல பழஞ்சொல்தான், ஆனால் பில்லி சூனியம் பின்னாலேயே வந்துவிடும்.

போலிக் குழலுக்கு: பொய்க்குழல். பொய்க்கால் குதிரை ஆடும் ஊரில் இதற்கு விளக்கம் வேண்டாம்.

---

> ஆணை டாங்கி சரி. ஆனால் ஜெர்மன் தளபதி ரோமலின் ‘கிரைஃப்’ வண்டி? அதுவும் சட்டக ஆன்டெனா போட்டதுதானே, அதையும் இதிலேயே சேர்க்கலாமா?

சேர்க்க முடியாது அம்மா. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் பெயர் இருக்கும், ஆன்டெனாவும் இருக்கும், ஆனால் அது டாங்கி அல்ல. முன்னால் சக்கரம், பின்னால் சங்கிலித் தடம் கொண்ட 250/3 அரைத்தட வண்டி. பிரிட்டிஷாரிடமிருந்து பிடித்து அவர் பயன்படுத்திய ‘மாமுட்’ முழுக்கவே சக்கர வண்டி. இரண்டுக்கும் ‘ஆணை ஊர்தி’ என்று வைக்கலாம். டாங்கி அதன் ஓர் உள்வகை ஆகிவிடும், நம் கலைச்சொல் பட்டியலிலும் அடுத்தடுத்து வரும்.

---

> பொய்க்குழலுக்கு என் வாக்கு. ‘ஆணை’க்கு மட்டும் ஒரு தயக்கம்: ‘அரசாணை’ வாடை அடிக்கிறது.

அடிக்கட்டும் ஐயா. வானொலியில் போனதும் ஆணைதானே. வேறு சொல் யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிட்டு, அடுத்து நட்சத்திர ஆன்டெனாவுக்கு வருவோம். ‘விண்மீன் அலைக்கம்பி’ என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள்.