பறவைக் காய்ச்சல் பரவும் வேளையில் ஊராரிடம் எதை, எப்படிச் சொல்வது?

கேள்வி – மகளிர் குழு ஊக்குநர், குடியாத்தம் வட்டம்

வணக்கம். ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் நாட்டுக்கோழி வளர்க்கிறார்கள். 2025 பிப்ரவரியில் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் உறுதியானபோது, வாட்ஸ்அப்பில் வந்த படங்களைப் பார்த்தே பலர் கறி வாங்குவதை நிறுத்தினார்கள். சோர்ந்து நின்ற கோழிகளைச் சிலர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டதையும் பார்த்தேன். அச்சம் தேவையில்லாத இடத்தில் அச்சமும், தேவையான இடத்தில் அலட்சியமும் இருந்தன. அடுத்த முறை எங்கள் குழுக்கள் வழியாக எதைச் சொல்ல வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 – ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், இராணிப்பேட்டை

அம்மா, உண்பவருக்கும் வளர்ப்பவருக்கும் ஒரே துண்டறிக்கை போதாது. உண்பவருக்குச் சொல்ல வேண்டியது குறைவு: உள்வரை 70 டிகிரி செல்சியசுக்கு மேல் வெந்த கறியிலும் முட்டையிலும் இந்த வைரஸ் பிழைப்பதில்லை, நம் வீட்டுக் குழம்பு கொதிக்கும் சூடு அதைவிட அதிகம். அரைவேக்காட்டைத் தவிர்த்து, பச்சைக் கறியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

வளர்ப்பவரிடம்தான் பொறுமையாகப் பேச வேண்டும். கொண்டையும் தாடியும் நீலம் பாய்வது, தலை வீங்குவது, கோழிகள் திடீரென்று கொத்தாகச் சாவது ஆகியவை இந்நோயின் அடையாளங்கள் என்றாலும், கோழிக்கழிச்சல் எனப்படும் வெள்ளைக்கழிச்சலிலும் கோழிகள் கூட்டமாகச் சாகும் என்பதால், கண்ணால் பார்த்து இன்ன நோய் என்று எவரும் உறுதி கூற இயலாது. போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகம் மாதிரிகளைச் சோதித்து உறுதி செய்த பிறகே அரசு அறிவிக்கும். ஆகவே, 'பறவைக் காய்ச்சல் வந்தால் சொல்லுங்கள்' என்று கேட்காதீர்கள்; 'கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் அன்றே கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். செத்த கோழியை ஏரியில் எறியவோ, அறுக்கவோ, விற்கவோ கூடாது. பிப்ரவரியில் நடக்கும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு எல்லாரையும் வரச் செய்யுங்கள். அந்தச் சாவுகள் குறைந்தால், புதிய நோய் தலைகாட்டும்போது விரைவில் கண்ணில் படும்.

பதில் 2 – பள்ளி ஆசிரியர், பேரணாம்பட்டு

ஐயா கூறியதோடு இழப்பீட்டையும் முன்கூட்டியே சொல்லுங்கள். நோய் உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் கோழிகளை அழிப்பார்கள், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். இழப்பீடு, உயிரோடு இருந்து அழிக்கப்படும் கோழிகளுக்குத்தான். முன்பே செத்தவற்றுக்குக் கிடையாது. தகவல் தாமதமானால் நட்டம் தங்களுக்கே என்பதை அறியாதவர்கள், ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இரவோடு இரவாகக் கோழிகளைக் கூடையில் வைத்து உறவினர் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நோயும் உடன் போகும்.

எங்கள் பகுதியில் தமிழில் மட்டும் அறிவித்தால் பாதிப் பேரைச் சேராது. எல்லை ஊர்களுக்குத் தெலுங்கும், இங்கே உருதுவும் வேண்டும். தண்டோரா போடுவதை அரசு 2022இல் நிறுத்தச் சொல்லிவிட்டதால், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் மூன்று மொழியிலும் சொல்லச் செய்யுங்கள். கோழிகளைப் பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் கூடும் நூறு நாள் வேலை இடத்திலும் ரேஷன் கடையிலும் நேரில் பேசுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பக்கத்து ஊரில் கோழிகள் சாகின்றன என்று செய்தி வந்து, முடிவு வராத நிலையில் குழுவில் என்ன சொல்வது?

பதில் 1-இன் தொடர்ச்சி

நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: கோழிகள் செத்துள்ளன, மாதிரி எடுத்திருக்கிறார்கள், முடிவு வரவில்லை. நோயின் பெயரை நீங்களாகச் சொல்ல வேண்டாம். அதுவரை கோழிகளை அடைத்து வைக்கவும், வெளியூர்க் கோழியை வாங்காதிருக்கவும் சொல்லுங்கள். முடிவு எதுவானாலும், வந்த அன்றே அதே குழுவில் தெரிவித்துவிடுங்கள்.