சாய்வாகக் கட்டிய கயிறு

குழு: நம்ம வீடு
ஞாயிறு இரவு

செந்தில்: பெரியம்மா, உங்களிடம்தான் கேட்க வேண்டும். இந்த வருடம் ஆறாம் வகுப்பு பி.டி. பீரியட் என் தலையில் விழுந்திருக்கிறது. 38 பேர். ஒரு பையன் வீல்சேரில் வருகிறான். ஒரு பெண்ணுக்குப் பார்வை மிகக் குறைவு. இரண்டு பேர் இன்ஹேலர் வைத்திருக்கிறார்கள். இதுவரை அந்தப் பையன் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தான், அந்தப் பெண் எல்லோருடைய பைகளுக்கும் காவல் இருந்தாள். வியாழக்கிழமை முதல் வகுப்பு. என்ன செய்யலாம்?

முரளி: இருப்பது அப்படியே இருக்கட்டுமே. விழுந்து அடிபட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

சரோஜா: ஸ்கோர் எழுதினால் அவனுக்குக் கூட்டல் நன்றாக வரும் முரளி. மூச்சு வாங்க வேண்டாமா?

சரோஜா: உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு இது. 5 முதல் 17 வயது வரை, நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடம்பு அசைய வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் அதே 60 நிமிடம்தான். அவர்களுக்கு என்று யாரும் குறைத்துப் போடவில்லை.

செந்தில்: புரிகிறது. ஆனால் பள்ளியில் "ரிஸ்க்" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

சரோஜா: மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006லேயே வந்துவிட்டது. விளையாட்டில் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கெடுக்க வழி வேண்டும், பள்ளியில் நடக்கும் விளையாட்டும் அதில் சேர்த்தி என்று 30ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் முதல் நாளே போய் இதை நீட்டாதே. ஒரு வகுப்பை நடத்திக் காட்டு, அப்புறம் பேசலாம்.

யாழினி: பாட்டி, வீல்சேர் இல்லாதவர்களும்தான் ஓரமாக உட்கார்கிறோம். எங்கள் பதினோராம் வகுப்பில் பி.டி. பீரியட் வந்தால் பாதிப் பெண்களுக்கு வயிற்று வலி. சிலருக்கு உண்மையிலேயே பீரியட்ஸ். மற்றவர்களுக்கு உடை மாற்ற ஒழுங்கான இடம் இல்லை என்பதுதான் காரணம். போன மாதம் எடை பார்த்தார்கள். வரிசையில் நிறுத்தி, எண்ணைச் சத்தமாகப் படித்து, இன்னொருவர் எழுதிக்கொண்டார். அதன்பின் இரண்டு பேர் மதியம் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

கவிதா: அடக் கடவுளே. இதற்கு ஆரோக்கிய வாரம் என்று பெயர் வேறு வைத்திருப்பார்களே!

யாழினி: சரியாகச் சொன்னீர்கள் சித்தி. போஸ்டரே ஒட்டியிருந்தார்கள்.

சரோஜா: செந்தில், இதைக் குறித்துக்கொள். எடை பார்த்தே ஆக வேண்டுமென்றால் தனி அறையில், ஒவ்வொருவராக. எண் அந்தப் பிள்ளைக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் போக வேண்டும். தாமதமாக வந்தவனைக் கிரவுண்டைச் சுற்றி ஓடவிடும் பழக்கமும் வேண்டாம். ஓட்டத்தைத் தண்டனையாக்கிவிட்டால் பெரியவனான பிறகு அவன் எதற்கு விரும்பி ஓடப்போகிறான்?

முரளி: அக்கா, இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பூப்போலப் பார்த்தால் போட்டிக்கு எப்படித் தயாராவார்கள்? தோற்கவும் பழக வேண்டாமா?

கவிதா: மாமா, என் பையன் தோற்கப் பழகியாயிற்று. அவனுக்கு ஒருங்கிணைந்து அசைவதில் சிக்கல், டிஸ்ப்ராக்ஸியா என்பார்கள். 100 பிள்ளைகளில் 5 பேருக்காவது இருக்குமாம். பந்து வருவது தெரிகிறது, கை ஒரு நொடி கழித்து வருகிறது. பந்தால் அடித்து அவுட் ஆக்கும் ஆட்டத்தில் எப்போதும் முதல் ஆளாக அவுட். மீதி நேரம் முழுவதும் பெஞ்ச்.

சரோஜா: அந்த ஆட்டத்தின் குறையே அதுதான் கவிதா. யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவனை முதலில் வெளியே அனுப்பிவிடும். நன்றாக ஆடுகிறவன் கடைசிவரை ஆடி இன்னும் நன்றாகிறான். அவுட் ஆனால் வெளியே போகாமல் எதிரணியில் சேர்ந்து ஆடட்டும். விதியில் இந்த ஒரு மாற்றம் போதும்.

முரளி: விதியை மாற்றினால் அது விளையாட்டே இல்லை.

சரோஜா: நீ எத்தனை வருடம் சின்னப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தாய்! வளையத்தை எந்த உயரத்தில் வைத்தாய்?

முரளி: மினி பேஸ்கட்பாலா? 2.60 மீட்டர்.

சரோஜா: பெரியவர்களுக்கு?

முரளி: 3.05.

முரளி: சரி சரி, எங்கே வருகிறாய் என்று தெரிகிறது.

யாழினி: 😂😂

சரோஜா: இன்னும் ஒன்று. வீல்சேர் டென்னிஸில் பந்து இரண்டு முறை குதித்த பிறகும் அடிக்கலாம். ஒருவர் வீல்சேரிலும் எதிரில் இருப்பவர் நின்றுகொண்டும் ஆடினால், வீல்சேரில் இருப்பவருக்கு இரண்டு, நிற்பவருக்கு ஒன்று. விதிப் புத்தகத்திலேயே உள்ள ஏற்பாடு அது. ஆட்டம் அப்படியேதான் நடக்கிறது, யாரும் விட்டுக்கொடுத்து ஆடுவதில்லை.

செந்தில்: இது பிடித்திருக்கிறது. ஆனால் 38 பேருக்கும் ஆளுக்கொரு விதி வைக்க என்னால் முடியாது பெரியம்மா. எனக்கு இருப்பது 40 நிமிடம், ஒரு விசில்.

சரோஜா: ஆளுக்கொரு விதி வேண்டாம். குரல் பதிவு போட்டால் முரளி கேட்க மாட்டான், அதனால் டைப் செய்கிறேன். பொறு.

சரோஜா: மஸ்கா மாஸ்டன் என்ற உடற்கல்வி அறிஞர் சொன்ன கயிற்று உதாரணம் ஒன்று உண்டு. உயரம் தாண்டுவதற்குக் கயிற்றை இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் பிடித்தால் என்ன ஆகும்? தாண்ட முடியாதவன் விலகுகிறான், உயரம் ஏற்ற ஏற்ற ஒவ்வொருவராக விலகுகிறார்கள், கடைசியில் ஒருவன் தாண்ட 37 பேர் வேடிக்கை. அதே கயிற்றின் ஒரு முனையைத் தரையிலும் மறு முனையை இடுப்பு உயரத்திலும் பிடித்துப் பார். எந்த இடத்தில் தாண்டுவது என்று ஒவ்வொருவரும் தாமே தேர்ந்தெடுப்பார்கள். யாரும் வெளியே போக மாட்டார்கள். இரண்டு முறை தாண்டியபின் கொஞ்சம் உயரமான பக்கம் தானாகவே நகர்வார்கள், நீ சொல்லவே வேண்டாம். தரையில் கிடக்கும் முனையில் வீல்சேரும் கடக்கும்.

சரோஜா: இதையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள். பந்து எறியும் கோடு ஒன்றுக்குப் பதில் மூன்று. பந்தில் பெரியது, சிறியது, மெத்தென்றது எல்லாம் ஒரு கூடையில். எடுப்பது அவர்கள் விருப்பம். இடம், வேலை, பொருள், ஆட்கள், இந்த நான்கில் ஏதாவது ஒன்றை நகர்த்தினால் பெரும்பாலும் வழி கிடைத்துவிடும்.

செந்தில்: பார்வை குறைந்த பெண்ணுக்கு?

சரோஜா: முதலில் அவளிடமே கேள். எவ்வளவு தெரிகிறது, எந்த நிறம் நன்றாகத் தெரிகிறது, வெயில் கூசுகிறதா என்று. சிலருக்கு மஞ்சள் பந்து போதும். கோல்பால் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946இல் உருவானது, 1976 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. பந்துக்குள் மணி இருக்கும், ஒரு பக்கத்துக்கு மூன்று பேர், எல்லோரும் கண்ணை மறைத்துக்கொண்டு ஆட வேண்டும். சத்தத்தை வைத்துப் பந்தைப் பிடிப்பதில் அவள் மற்றவர்களை மிஞ்சினாலும் ஆச்சரியமில்லை.

கவிதா: இன்ஹேலர் பிள்ளைகள்? என் தோழி ஒருத்தி மகளை ஓடவே விடுவதில்லை.

சரோஜா: ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தால் ஓடலாம். டாக்டர் என்ன எழுதிக்கொடுத்திருக்கிறார் என்று வீட்டில் கேட்டு வாங்கு. மெதுவாக ஆரம்பித்துப் பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்று. இன்ஹேலர் ஆபீஸ் ரூம் அலமாரியில் பூட்டிக் கிடக்கக் கூடாது, கிரவுண்டில் கைக்கு எட்ட வேண்டும். இருமலோ இழுப்போ வந்தால் உடனே நிறுத்து. இன்னொன்று, டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை எப்போதாவது உன் வகுப்புக்கு வந்தால், டாக்டரிடம் கேட்காமல் குட்டிக்கரணம் மட்டும் போட விடாதே. சிலருக்குக் கழுத்தெலும்பு இணைப்பு தளர்வாக இருக்கும். மற்றபடி நன்றாக ஆடட்டும்.

யாழினி: மாமா, அணித் தலைவர்கள் இரண்டு பேரை நிறுத்தி ஆள் பொறுக்கச் சொல்லாதீர்கள். கடைசியாக நிற்பவருக்கு அந்த இரண்டு நிமிடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

செந்தில்: பிறந்த மாதத்தை வைத்துப் பிரிக்கிறேன்.

யாழினி: 👍

வியாழன் மாலை

கவிதா: என்ன ஆயிற்று செந்தில்? காலையிலிருந்து சத்தமே இல்லை.

செந்தில்: கயிறு நன்றாக வேலை செய்தது. வீல்சேர் பையன் மூன்று முறை தாழ்ந்த முனையில் கடந்தான். நான்காவது முறை, "சார், இங்கே ரொம்ப ஈஸியாக இருக்கிறது, வளைந்து வளைந்து போகிற மாதிரி ஏதாவது வையுங்கள்" என்றான். கூம்புகளை அடுக்கினேன். நேரம் பார்த்தோம். மற்றவர்கள் ஓடி வந்து அவனுடைய நேரத்தை முறியடிக்கப் பார்த்தார்கள். இரண்டு பேரால் முடியவில்லை.

முரளி: அப்படியென்றால் போட்டி இருந்தது.

சரோஜா: இல்லை என்று நான் எப்போது சொன்னேன்?

செந்தில்: மணிப்பந்து சொதப்பிவிட்டது. வலைப்பையில் சின்ன மணிகளைப் போட்டுப் பந்தைச் சுற்றிக் கட்டினேன். ஆனால் பிள்ளைகள் போட்ட கூச்சலில் மணி யாருக்கும் கேட்கவில்லை. அந்தப் பெண் இரண்டு முறை தவறவிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சரோஜா: கோல்பாலில் பந்து ஓடும்போது பார்வையாளர்கள் கூட வாய் திறக்கக் கூடாது. எல்லோரையும் ஒன்றாக ஆடவிடாதே. ஆறு பேர் ஆடட்டும், மற்றவர்கள் மைதானத்தின் மறு கோடியில் கயிற்றிலும் கூம்பிலும் இருக்கட்டும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை மாற்று. முடிந்தால் மூடிய ஹாலைக் கேள். அந்தப் பெண்ணிடம் பேசினாயா?

செந்தில்: பேசினேன். பந்து வேண்டாம், ஓட வேண்டும் என்கிறாள். கூட யாராவது வந்தால் போதுமாம்.

யாழினி: பாராலிம்பிக்கில் பார்த்திருக்கிறேன். பார்வையில்லாத ஓட்டக்காரரும் அவருடைய வழிகாட்டி ஓட்டக்காரரும் ஒரு சின்னக் கயிற்றின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். யாராவது ஒரு தோழி போதுமே?

சரோஜா: போதும். தோழியை அவளே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு பேரும் முதலில் நடந்து பழகட்டும், அப்புறம் மெதுவோட்டம். தோழி அவளை இழுக்கக் கூடாது, பக்கத்தில் ஓடினால் போதும்.

செந்தில்: நாளைக்கே கேட்கிறேன். பைகளை யார் பார்த்துக்கொள்வது என்று இன்று ஒருவன் கேட்டான்.

முரளி: வகுப்பறையில் பூட்டி வை. சாவியை நீ வைத்துக்கொள். அந்தக் கூம்பு ஏற்பாட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, இடைவெளி எவ்வளவு விட்டாய் என்று பார்க்க வேண்டும்.