ஸ்டார்ட்டர் போட்டால் எல்இடி நிறம் தானாக மாறுகிறது: மாவு மில்லுக்கு ஒரு அழைப்பு விளக்கு

மில்வீடு, வேலந்தாவளம்

வணக்கம். எல்லைக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு மாவு மில் இருக்கிறது. மெஷின் ஓடும்போது கூப்பிட்டால் அப்பாவுக்குக் கேட்காது, காதும் இப்போது கொஞ்சம் மந்தம். எதற்கெடுத்தாலும் அம்மா எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. ஓணத்துக்கு முன்னால் மிளகாய், மல்லி அரைக்கக் கூட்டம் வந்துவிடும். அதற்குள் ஒரு விளக்கு வைத்துவிட நினைக்கிறேன்.

வீட்டுத் திண்ணையில் பட்டன், மில் சுவரில் விளக்கு. ஒருமுறை அழுத்தினால் பச்சை, ஆள் வந்து நிற்கிறார் என்று அர்த்தம். அடுத்த அழுத்துக்கு நீலம், போன் வந்திருக்கிறது. மூன்றாவது சிவப்பு, மோட்டாரை நிறுத்துங்கள். நான்காவதில் அணைந்துவிடும்.

போர்டு ஆர்டுயினோ ஊனோ, நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் சின்ன போர்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றிலேயே இருக்கும் நான்கு கால் ஆர்ஜிபி எல்இடி, நீளக் கால் பிளஸ், அந்தக் காலில் 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. நிறக் கால்கள் 9, 10, 11 பின்களில். பட்டன் 2-ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில், போர்டுக்கு உள்ளே இருக்கும் புல்அப்பை (அழுத்தாதபோது பின்னை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்) போட்டிருக்கிறேன். போர்டு மில் சுவரில், விளக்குக்குப் பக்கத்தில். பட்டன் வயர் திண்ணையிலிருந்து சுமார் 40 அடி, மோட்டார் கேபிளை ஒட்டியே வருகிறது.

முதலில் நிறத்தை நேரடியாக மாற்றும்படி எழுதியபோது ஒரே அழுத்தில் சில சமயம் பச்சையைத் தாண்டி நீலத்துக்குப் போய்விட்டது. பிடபிள்யூஎம் (வேகமாக அணைத்து எரித்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை) வைத்து, 0 முதல் 255 வரை படிக்கு 10 மில்லி செகண்ட் டிலே கொடுத்து மெதுவாக ஏறும்படி மாற்றியதும் அந்தத் தாவல் நின்றுவிட்டது. ஆனால் அடுத்தடுத்து அழுத்தினால் இரண்டாவது அழுத்து போர்டுக்குத் தெரிவதே இல்லை. சுவரில் மாட்டிய பிறகு அப்பா ஸ்டார்ட்டரைப் போட்டாலே, யாரும் தொடாமல் நிறம் மாறுகிறது. சிவப்பும் பச்சையும் சேர்த்து மஞ்சள் கொண்டுவரப் பார்த்தேன், அது சிவப்பாகவே நிற்கிறது.

பச்சைக்குப் பதில் சிவப்பு வந்தால் அப்பா பாதி அரைப்பில் நிறுத்திவிடுவார். சிவப்புக்குப் பதில் பச்சை வந்தால் அதைவிட மோசம். இது சரியாக வந்தே ஆக வேண்டும்.

பொள்ளாச்சி லேப்

முதல் இரண்டு தொல்லைகளுக்கும் தொடர்பு இருக்கிறது. பட்டனுக்குள் இருக்கும் தகடு அழுத்தியதும் ஒரேயடியாக ஒட்டிக்கொள்வதில்லை, சில மில்லி செகண்டுக்குத் துள்ளும். போர்டு அதை இரண்டு அழுத்தாக எண்ணியதால்தான் நிறம் தாவியது. மெதுவாக ஏற்றுகிற லூப்பைப் போட்டதும் துள்ளல் தீர்ந்துபோகவில்லை. 255 படி, படிக்கு 10 என்றால் இரண்டரை செகண்ட். அவ்வளவு நேரமும் போர்டு பட்டனைப் பார்ப்பதே இல்லை. துள்ளலும் தெரியவில்லை, உங்கள் இரண்டாவது அழுத்தும் தெரியவில்லை.

டிலேயை முழுக்க எடுத்துவிடுங்கள். லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் பட்டனைப் படியுங்கள். நிலை மாறினால் அந்த நேரத்தை மில்லிஸ் (போர்டு ஓடத் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லி செகண்ட் என்று சொல்லும் கட்டளை) மூலம் குறித்து வையுங்கள். 30 மில்லி செகண்ட் மாறாமல் நின்றால் மட்டும் நம்புங்கள். பின் ஹை-யிலிருந்து (5 வோல்ட்) லோ-வுக்கு (0 வோல்ட்) இறங்கும்போது மட்டும் ஓர் அழுத்து என்று எண்ணுங்கள், விடும்போது எண்ண வேண்டாம். நிறம் ஏறுவதும் அப்படியே: கடைசிப் படி வைத்து 10 மில்லி செகண்ட் ஆகிவிட்டதா என்று பார்த்து, ஆகியிருந்தால் ஒரு படி ஏற்றிவிட்டு உடனே பட்டனுக்குத் திரும்ப வேண்டும்.

மஞ்சள் வராததற்குப் பொதுக் காலில் இருக்கும் அந்த ஒற்றை ரெசிஸ்டர்தான் காரணம். சிவப்பு எரிய ஏறக்குறைய 2 வோல்ட் போதும், பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் அளவு வேண்டும். ஒரே ரெசிஸ்டர் என்றால் சிவப்பு கரண்டை எல்லாம் இழுத்துக்கொள்ளும். அதை எடுத்துவிட்டு நிறத்துக்கு ஒன்றாக மூன்று 220 ஓம் போடுங்கள். சிவப்பில் 14 மில்லி ஆம்பியர், மற்றதில் 9 அளவுக்கு வரும், பின்னுக்கு ஆபத்தில்லை. மஞ்சளுக்குச் சிவப்பு 255, பச்சை 80 என்று தொடங்கிக் கண்ணால் பார்த்துக் கூட்டுங்கள். உங்களுடையது பொது பிளஸ் என்பதால் பின் 0-வில் இருக்கும்போதுதான் நிறம் முழுதாக எரியும், அதனால் 255-லிருந்து கழித்து எழுத வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை வயர்மேன்

தங்கச்சி, முதலில் அந்த வயரைப் பிரிங்க. மோட்டார் கேபிளோடு 5 வோல்ட் வயரை ஒட்டிக் கொண்டுபோகவே கூடாது. கேபிள் எங்கேயாவது உரசிப்போனால் திண்ணையில் பட்டனைத் தொடுகிற அம்மாவுக்கு ஷாக். தனிப் பைப்பில் தள்ளிக் கொண்டுபோங்க. கேபிளைக் கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடங்க.

நிறம் மாறுவதும் அதனால்தான். மோட்டார் எழும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், பக்கத்து வயரில் அது ஒரு வெட்டு வெட்டும். உள் புல்அப் 20 முதல் 50 கிலோ ஓம் வரை, ரொம்ப மெலிசான பிடிப்பு.

புல்அப்பை மாற்றுவதைவிட நல்ல வழி, போர்டையே திண்ணைக்குக் கொண்டுவருவது. பட்டன் வயர் அரை அடியாகிவிடும். 40 அடி போவது எல்இடி வயராக இருக்கட்டும். அதில் மோட்டாரின் மின் இரைச்சல் கொஞ்சம் ஏறினாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ரெசிஸ்டர் மூன்றும் போர்டுப் பக்கம் இருக்கட்டும். மாவுத் தூசியும் போர்டில் படியாது.

மில்வீடு, வேலந்தாவளம்

அண்ணா, வயரை இன்றே பிரித்துவிடுகிறேன். ஒரு சந்தேகம். மோட்டார் போடும்போது லைட் எல்லாம் ஒரு நொடி மங்கும். அதில் போர்டு ரீசெட் ஆகிறதா, பொய் அழுத்தா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பொள்ளாச்சி லேப்

போர்டு தொடங்கும்போது ஒருமுறை மட்டும் ஓடும் செட்டப் பகுதியில் அரை செகண்ட் வெள்ளை எரியும்படி எழுதுங்கள். மோட்டார் போடும்போது வெள்ளை வந்தால் ரீசெட், அடாப்டரை மாற்ற வேண்டும். வெள்ளை வராமல் நிறம் நகர்ந்தால் பொய் அழுத்து. போர்டை நகர்த்திய பிறகும் பொய் அழுத்து இருந்தால் 2-ஆம் பின்னிலிருந்து 5 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர் போடுங்கள்.

இன்னொன்று, இதை நீங்கள் கேட்கவில்லை. சிவப்பை மூன்றாவது அழுத்தில் வைக்காதீர்கள். அவசரத்தில் யாரும் எண்ணி அழுத்த மாட்டார்கள். 3-ஆம் பின்னில் ஒரு பெரிய சிவப்புப் பட்டன் தனியாக வையுங்கள். எந்த நிறத்தில் இருந்தாலும் அதை அழுத்தினால் நேராகச் சிவப்பு, மெதுவாக ஏறாமல் மின்ன வேண்டும். அணைப்பதற்கு அதையே 2 செகண்ட் பிடித்திருக்கட்டும்.

கொழிஞ்சாம்பாறை வயர்மேன்

அது சரியான யோசனை. அப்படியே ஸ்டார்ட்டரின் ஸ்டாப் பட்டன் எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கும் காட்டி வைங்க. விளக்கு கூப்பிடத்தான், மோட்டாரை நிறுத்துவது ஸ்டார்ட்டர்தான்.

பகல் வெளிச்சத்தில் ஒற்றை எல்இடி போதாவிட்டால் 12 வோல்ட் ஆர்ஜிபி ஸ்ட்ரிப் ஒரு அடி வாங்கிக்கோங்க. நிறத்துக்கு ஒரு மாஸ்ஃபெட் (போர்டு சொன்னபடி பெரிய கரண்டைத் திறந்து மூடும் எலக்ட்ரானிக் சுவிட்ச்), ஐஆர்எல்இசட் 44 என் போல 5 வோல்ட்டில் முழுதாகத் திறக்கிறதாகப் பார்த்து வாங்கணும். அடாப்டர் மைனஸையும் போர்டு கிரவுண்டையும் இணைக்க மறக்காதீங்க. மாஸ்ஃபெட் வந்துவிட்டால் 255-லிருந்து கழிக்கிற வேலை இல்லை, நேர் எண்ணே போடலாம்.