டிரெய்லரை நம்பி மலையிறங்கினோம்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

கோத்தகிரிக்காரன்:
மூன்று ஆண்டுகள் ஆகியும் என்னை விட்டு அகலாத ஒரு கேள்வியை இங்கே எழுதுகிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற என் அப்பா வாசலைத் தாண்டுவதே, அம்மா இறந்த பிறகு அரிதாகிவிட்டது. ஒரு மாலை என் செல்பேசியில் ஓடிய டிரெய்லரைப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்குப் பிடித்த மூத்த நகைச்சுவை நடிகர் அதில் ஏழு இடங்களில் வருகிறார்; எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். அடுத்த ஞாயிறன்றே அவரைக் கோயம்புத்தூருக்கு அழைத்துச் சென்றேன். கொண்டை ஊசி வளைவுகளில் அவருக்குக் குமட்டும். அன்று மேட்டுப்பாளையம் வரும்வரை எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி ஒரு சொல்லும் முணுமுணுக்காமல் வந்தார்.

படத்தில் அந்த நடிகர் ஒரே ஒரு கல்யாண வீட்டுக் காட்சியில் மட்டும் வருகிறார். நான் எண்ணிய ஏழு துண்டுகளும் அந்த ஒரு காட்சியிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டவை. இடைவேளையில் விளக்கு எரிந்ததும் அப்பா என் பக்கம் திரும்பி, "அவர் இனிமேல்தான் வருவாராப்பா?" என்று கேட்டார். வருவார் என்று சொல்லிவிட்டேன். மீதிப் படம் முழுவதும் மகளைக் கொன்றவனைத் தேடி ஒரு தகப்பன் கத்தியோடு அலைந்தான். அப்பாவிடம் அந்தச் சொல்லைச் சொல்லும் நிலைக்கு என்னைத் தள்ளிய இயக்குநர்மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

பூம்பாறைப் பேரன்:
எங்கள் ஊரில் நான்கு நாள் படப்பிடிப்பு நடந்தது. என் பாட்டி திண்ணையில் அமர்ந்து மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, அப்படியே இருங்கள் என்று சொல்லிப் படம்பிடித்தார்கள். டிரெய்லரில் பாட்டியின் முகம் திரை முழுவதும் வந்தது. படம் வெளியானதும் உறவினர்கள் 23 பேர் இரண்டு ஜீப்புகளில் பழனிக்கு இறங்கினோம். பாட்டி என் அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டியிருந்தார்.

அந்தக் காட்சி படத்தில் இல்லை. பூம்பாறையே இல்லை. பெயர்கள் ஓடி முடிந்து திரை வெண்மையாகி, துடைப்பத்தோடு ஆள் வந்து நின்ற பிறகும் பாட்டி இருக்கையை விட்டு எழவில்லை. இனிமேல் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கூடலூர் அம்மா:
யானைக் குட்டியும் சிறுவனும் ஓடையில் விளையாடும் டிரெய்லரைப் பார்த்து, என் ஆறு வயது மகளை அழைத்துச் சென்றேன். படம் தந்தம் கடத்துபவர்களின் கதை. ரம்பத்தின் ஓசை கேட்டதும் அவள் என் துப்பட்டாவை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் யானை வந்தால் முன்பெல்லாம் ஜன்னலுக்கு ஓடுவாள். இப்போது கட்டிலுக்கு அடியில் போகிறாள்.

குன்னூர், முன்னாள் எடிட்டிங் உதவியாளர்:
சென்னையில் ஆறு ஆண்டுகள் படத்தொகுப்பில் உதவியாளராக இருந்தவன் என்ற முறையில், கோத்தகிரி அண்ணன் இயக்குநரைக் குற்றம் சொல்வதை ஏற்க இயலவில்லை. பெரும்பாலும் டிரெய்லரை வெட்டுபவர் வேறு ஒருவர். படத்தின் இறுதி வடிவம் முடிவாகும் முன்பே அவர் கையில் காட்சிகள் தரப்படுகின்றன. பிறகு நீளத்தைக் குறைக்கும்போது, டிரெய்லரில் இடம்பெற்ற துண்டே படத்திலிருந்து விழுந்துவிடுவது உண்டு. பூம்பாறைப் பாட்டிக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்கும், அதில் வஞ்சகம் இல்லை. கல்யாண வீட்டு விஷயம் அப்படிப்பட்டதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு காட்சியின் வசனத்தை இன்னொரு காட்சியின் முகத்தின்மேல் வைத்து, கீழே துள்ளலான இசையைப் போட்டால் சாவு வீடும் கலகலப்பாகிவிடும். நானே ஒருமுறை, ஒரு பெண் அழப்போகும் நொடிக்கு முன் ஷாட்டை நிறுத்தி, அவள் சிரிக்கப்போவதாகத் தோன்றச் செய்திருக்கிறேன். அன்று அதற்காக என்னைப் பாராட்டினார்கள். இன்று அதை நினைத்தால் மனம் குறுகுகிறது.

கூடலூர் அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திரையரங்கில் காட்டப்படும் டிரெய்லருக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். இணையத்தில் வெளியிடப்படுவதற்கு வேண்டியதில்லை. ஆகவே, செல்பேசியில் பார்த்ததைக் கொண்டு குழந்தைக்கு ஏற்ற படம் என்று முடிவு செய்யாதீர்கள். 2024 முதல் யு/ஏ சான்றிதழே 7, 13, 16 என்று மூன்று வயதுப் பிரிவுகளாகத் தரப்படுகிறது. அந்த எண்ணைப் பார்த்த பிறகு டிக்கெட் எடுங்கள். முதல் நாள் போகாமல், பார்த்துவிட்டு வந்த ஒருவரிடம் விசாரித்துவிட்டுப் போவது அதைவிட நல்லது.

கோத்தகிரிக்காரன்:
வெட்டியவர் வேறு ஒருவர் என்றால் என் அப்பாவுக்கு அதில் என்ன ஆறுதல் தம்பி? வெளியிடும் முன் இயக்குநரும் தயாரிப்பாளரும் அதைப் பார்த்துச் சம்மதித்துத்தானே இருப்பார்கள்? நான் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. மகளை இழந்த தகப்பனின் கதை என்று நேராகச் சொல்லியிருந்தால், அப்பாவை விட்டுவிட்டு நான் மட்டும் போய்ப் பார்த்திருப்பேன். அது நல்ல படம்தான்.

ஊட்டி வழக்கறிஞர்:
என் அனுபவம் சிறியது. காதல் கதை என்று நம்பி, திருமணமான முதல் மாதத்தில் மனைவியை ஒரு பேய்ப் படத்துக்கு அழைத்துச் சென்றேன். அவர் பாதியில் எழுந்து வெளியே போய், நுழைவாயிலில் குளிரில் நின்றிருந்தார்.

இங்கே சட்டத்தைப் பற்றிய பேச்சு எழவில்லை என்பதால் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டு வெளியான 'ஃபேன்' என்ற இந்திப் படத்தின் விளம்பரத்தில் வந்த பாடல் படத்தில் இல்லை என்று மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியை நுகர்வோர் வழக்குத் தொடுத்தார். ஏமாற்றத்தில் தம் பிள்ளைகள் அன்றிரவு சாப்பிடவில்லை என்றுகூட அவர் முறையிட்டிருந்தார். மாவட்ட மன்றம் தள்ளுபடி செய்தது; மாநில ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் வழக்குச் செலவும் வழங்கியது; தேசிய ஆணையமும் அதை உறுதிசெய்தது. ஆனால் 2024 ஏப்ரல் 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. டிரெய்லர் என்பது ஒப்பந்தத்துக்கான முன்மொழிவு ஆகாது, டிக்கெட் வாங்கும்படி பார்வையாளரை ஊக்குவிப்பதுதான் அதன் நோக்கம், ஆகவே டிரெய்லரில் உள்ளது படத்தில் இல்லை என்பது மட்டுமே சேவைக் குறைபாடு ஆகாது என்று நீதிபதிகள் கூறினர். அமெரிக்காவில் வேறு விதமாக நடந்தது. ஒரு நடிகை டிரெய்லரில் தோன்றிப் படத்தில் இடம்பெறாததால், தலா 3.99 டாலர் கொடுத்து அந்தப் படத்தைப் பார்த்த இருவர் வழக்குத் தொடுத்தார்கள். டிரெய்லரும் வணிக விளம்பரமே, அதற்கும் பொய் விளம்பரச் சட்டம் பொருந்தும் என்று 2022இல் அங்குள்ள நீதிபதி ஒருவர் கூறினார்.

ஆகவே கோத்தகிரி நண்பரே, இங்கே நீங்கள் வழக்குத் தொடுத்தால் நிற்காது. தீர்ப்பை மதிக்கிறேன். ஆனாலும் ஏழு துண்டுகளை ஒரே காட்சியிலிருந்து எடுத்து, ஒரு படம் முழுவதற்கும் அதுவே அடையாளம் என்று காட்டுவதை வெறும் ஊக்குவிப்பு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

குன்னூர், முன்னாள் எடிட்டிங் உதவியாளர்:
பூம்பாறைத் தம்பி, நீளத்தைக் குறைக்கும்போது விழுந்த காட்சி என்றால், அது அவர்களிடம் இன்னும் இருக்கக்கூடும். படத்தொகுப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

பூம்பாறைப் பேரன்:
எழுதினேன் அண்ணா; பதில் வரவில்லை. டிரெய்லர் இன்னும் இணையத்தில் இருக்கிறது, ஆனால் பாட்டி அதைப் போட வேண்டாம் என்கிறார். கிளாவரையில் இருக்கும் அவருடைய தங்கை அன்று எங்களோடு பழனிக்கு வரவில்லை. பூண்டு விற்க எங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம், அக்கா நடித்த படம் எப்போது வரும் என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்.