வசனமே இல்லாமல் ஒதெல்லோவை 12 நிமிடத்தில் எடுக்க முடியுமா?

நிழலாட்டம்:
நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு மௌனக் குறும்படம் எடுக்கப் போகிறோம். 12 நிமிடம், கறுப்பு வெள்ளை, 1910 வாக்கில் வந்த படங்கள் மாதிரியே கேமரா ஓரிடத்தில் நிற்கும், நடிகர்கள்தான் உள்ளே வந்து போவார்கள். கதைக்கு ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவை எடுத்துக்கொண்டோம். எழுத உட்கார்ந்ததும் முட்டிக்கொண்டது. இந்த நாடகத்தில் நாசம் எல்லாமே பேச்சால்தான் நடக்கிறது, இயாகோ என்கிற வஞ்சகன் படைத்தலைவன் ஒதெல்லோவிடம் ஒன்று சொல்கிறான், ஒதெல்லோவின் துணைத்தளபதி காசியோவிடம் வேறொன்று சொல்கிறான், அந்தச் சொற்களை எடுத்துவிட்டால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று வாயசைப்பதுதான் மிச்சம். காட்சிக்கு நடுவே எழுத்தைக் காட்டுகிற டைட்டில் கார்டு போடலாம் என்று எழுதிப் பார்த்தேன், 14 கார்டு ஆகிவிட்டது, அதைப் படிக்கவே மூன்று நிமிடம் போய்விடும்.

அந்தக் காலத்தில் ஷேக்ஸ்பியரையே பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் எடுத்திருக்கிறார்களே, எதை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள்? படங்களைப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழையரீல்:
முதலில் அவர்கள் முழு நாடகத்தையும் எடுக்கவே முயலவில்லை. 1899-ல் லண்டனில் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ என்கிற மேடை நடிகர் தான் மேடையேற்றிய ஷேக்ஸ்பியரின் கிங் ஜான் நாடகத்திலிருந்து சில காட்சிகளை மட்டும் கேமரா முன்னால் நடித்துக் காட்டினார். இன்றைக்கு மிஞ்சியிருப்பது ராஜா விஷத்தால் சாகிற துண்டு மட்டும்தான், நாற்காலியில் உட்கார்ந்தபடி உடம்பை முறுக்கித் துடிக்கிறார், ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. அடுத்த வருடம் பாரிஸ் கண்காட்சியில் பிரெஞ்சு நடிகை சாரா பெர்ன்ஹார்ட் ஹாம்லெட்டாக நடித்ததும் கடைசி வாள்சண்டையைத்தான். ஹாம்லெட் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருகிற தனிமொழியை விட்டுவிட்டு வாளை எடுத்தார் பாருங்கள். (அதற்கு வாள் மோதும் ஓசையை ஃபோனோகிராஃபில் சேர்த்து ஓட்டினார்கள், அதனால் சுத்தமான மௌனப்படம் என்றும் சொல்ல முடியாது.) உடம்பு பேசுகிற இடத்தைத் தேடிப் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்தபோது ரீல் குறுக்கே வந்தது. ஒரு ரீல் என்றால் சுமார் 1,000 அடி, அடிக்கு 16 ஃபிரேம், நொடிக்கு 16 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் பதினாறு, பதினேழு நிமிடம். அதற்குள் ஐந்து அங்கம் அடங்காது. ஆனால் பார்க்க வந்தவர்களில் நிறையப் பேருக்குக் கதை முன்பே தெரியும். 1903-ல் எடிசன் கம்பெனிக்காக எட்வின் போர்ட்டர் எடுத்த அங்கிள் டாம்ஸ் கேபின் 14 தனித்தனிக் காட்சிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் தலைப்பு மட்டும் வரும். நாவலாக இருந்தாலும் ஊர் ஊராக மேடையில் ஓடி ஓடி மக்களுக்குப் பழகிப்போன கதை அது, நடுவில் விட்டதையெல்லாம் பார்க்கிறவர்களே நிரப்பிக்கொண்டார்கள். நீங்களும் அப்படியே நான்கைந்து உச்சக்கட்டக் காட்சிகளை மட்டும் வையுங்கள்.

கடைசிவரிசை:
கடைசி வரியோடு எனக்கு ஒப்புதல் இல்லை. இன்றைக்கு ஒதெல்லோ கதை எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாதவர்களுக்கு நான்கைந்து உச்சக்கட்டம் என்பது நான்கைந்து புரியாத கூச்சல்.

1911-ல் ஃபிராங்க் பென்சன் குழு ஸ்ட்ராட்ஃபோர்டு நாடக அரங்கிலேயே எடுத்த மூன்றாம் ரிச்சர்ட் படத்தைப் பாருங்கள். கேமரா பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்த மாதிரி ஒரே இடத்தில் இருக்கிறது. காட்சிக்கு முன்னால் ஒரு கார்டு வருகிறது, அப்புறம் நடிகர்கள் மேடையில் பேசுவது போலவே பேசிக்கொண்டு போகிறார்கள், நமக்கு எதுவும் கேட்பதில்லை. அந்தக் காலத்து மேடை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல சாட்சி கிடையாது, எனக்கு மிகவும் பிடித்த படம், ஆனால் கதை தெரியாமல் அதைப் பின்தொடரவே முடியாது. மறு வருடம் அமெரிக்காவில் அதே நாடகத்தை ஐந்து ரீலில் எடுத்தபோது, ரிச்சர்டாக நடித்த ஃபிரெடரிக் வார்டே படத்தோடு கூடவே போய், விளக்கம் சொல்லி வசனங்களை ஒப்பித்தும் காட்டினார். ஐந்து ரீல் இருந்தும் ஆள் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் இத்தாலியில் 1910-ல் வந்த லியர் அரசன் படத்தில் கிளாஸ்டர் என்கிற பிரபுவின் கிளைக்கதையையே தூக்கிவிட்டார்கள். கிழவன், மூன்று மகள்கள், அவ்வளவுதான். எர்மெத்தே நொவெல்லி என்கிற பெரிய மேடை நடிகர் வெட்டவெளியில் அலைகிறார், கதை தெரியாதவருக்கும் நெஞ்சு கனக்கும். எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி எடுக்காமல் ஒரே ஒரு உறவைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போனார்கள், அதனால்தான் அது நிற்கிறது.

திரைச்சீலை:
ஷேக்ஸ்பியரின் டெம்பெஸ்ட் நாடகத்தை வைத்து 1908-ல் பெர்சி ஸ்டோ எடுத்த படத்தை அவசியம் பாருங்கள், உங்கள் படத்தின் நீளமேதான், ஏறக்குறைய 12 நிமிடம். நாடகத்தில் புயல் முதலில் வரும், தீவுக்கு வந்து சேர்ந்த பழைய கதையை மந்திரவாதி பிராஸ்பரோ தன் மகளுக்கு நீளமாக உட்கார்ந்து சொல்வார், மேடையிலேயே கொஞ்சம் சிரமமான இடம் அது. படத்தில் அந்தப் பேச்சே இல்லை. கைக்குழந்தையோடு தீவில் இறங்குவதிலிருந்தே தொடங்குகிறார்கள், மரத்துக்குள் அடைபட்ட ஏரியல் என்கிற ஆவியை விடுவிக்கிறார், தீவில் வாழும் காலிபனைக் கண்டுபிடிக்கிறார், பிறகு வருடங்கள் கழிகின்றன, அதற்கப்புறம்தான் புயல். சொல்லப்பட்டதையெல்லாம் நடந்த வரிசையில் போட்டுக் காட்டிவிட்டார்கள்! நாடகத்தைச் சுருக்குவது என்றால் வெட்டுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன், இந்தப் படம் மேடையில் இல்லாத காட்சிகளைப் புதிதாகச் சேர்த்துத்தான் நேரத்தை மிச்சம் பிடிக்கிறது. ஏரியல் சட்டென்று மறைவதும் குரங்காக மாறுவதும் கேமராவை நிறுத்தி, ஆளை மாற்றி, மறுபடி ஓட்டுகிற பழைய தந்திரம். மேடையில் ஒரு வரி வசனத்தை நம்பி ஏற்றுக்கொள்ள வேண்டிய மாயம் இங்கே கண்முன்னால் நடக்கிறது.

சுருள்முனை:
எல்லோரும் சொன்னது சரி, ஆனால் ஒதெல்லோவுக்குள்ளேயே ஒரு மௌனப்படம் இருக்கிறதே, அதை யாரும் சொல்லவில்லை. நான்காம் அங்கம், முதல் காட்சி. இயாகோ ஒதெல்லோவை மறைவில் நிற்க வைத்துவிட்டுக் காசியோவிடம் போய்ப் பேச்சுக் கொடுக்கிறான். பேச்சு பியான்கா என்கிற பெண்ணைப் பற்றி, காசியோ விழுந்து விழுந்து சிரிக்கிறான், அவள் எப்படித் தன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள் என்று கையை வைத்துக் காட்டுகிறான். தள்ளி நிற்கிற ஒதெல்லோ அந்தச் சிரிப்பையும் கையசைவையும் வைத்து, இவன் என் மனைவி டெஸ்டிமோனாவைப் பற்றித்தான் சொல்கிறான் என்று தானாகவே அர்த்தம் செய்துகொள்கிறான். சைகையைப் பார்த்து வசனத்தை நிரப்புகிற ஆள், மௌனப்படம் பார்க்கிற நம் நிலைமைதான் அவனுக்கும். வசனம் கேட்காதது இந்த ஒரு காட்சியில் உங்களுக்குக் குறையே இல்லை, இதற்காகவே நாடகத்தை மௌனமாக எடுக்கலாம் என்பேன்.

ஒரே ஃபிரேமில் எடுங்கள். முன்னால் தூணுக்குப் பின்னே ஒதெல்லோ முகம் நமக்குத் தெரிய, ஆழத்தில் மற்ற இருவரும். குளோசப் வேண்டாம், அவன் பார்ப்பதையும் அவன் உடைவதையும் நாம் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும்.

அடுத்தது, ஒதெல்லோ மனைவிக்குக் கொடுத்த கைக்குட்டை. டெஸ்டிமோனா தவறவிடுகிறாள், இயாகோவின் மனைவி எமிலியா எடுக்கிறாள், இயாகோ வாங்குகிறான், காசியோவின் அறைக்குப் போகிறது, அங்கிருந்து பியான்கா கைக்கு, கடைசியில் ஒதெல்லோ கண்முன்னாலேயே அவள் அதைக் கொண்டுவந்து காசியோவிடம் வீசுகிறாள். ஐந்து கை மாறுகிறது, ஒரு இடத்திலும் வசனம் தேவையில்லை. கைக்குட்டை போகிற வழியையே படமாக எடுங்கள், ரொடெரிகோ, துருக்கியர் படையெடுப்பு, வெனிஸ் சபை எல்லாவற்றையும் விட்டுவிடலாம்.

நிழலாட்டம்:
நேற்று முழுக்க இதை வைத்துத் திரும்ப எழுதினோம். 14 கார்டு 4 ஆகிவிட்டது. வீட்டிலேயே கைபேசியில் அந்த ஒளிந்து பார்க்கும் காட்சியை எடுத்து, கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். ஒதெல்லோ ஏன் உடைகிறான் என்று அவருக்குப் புரிந்தது, ஆனால் காசியோ நிஜமாகவே டெஸ்டிமோனாவைப் பற்றித்தான் பேசுகிறான் என்று அவரும் நம்பிவிட்டார்!

சுருள்முனை:
அப்படியானால் பியான்காவை முன்னாலேயே காட்டிவிடுங்கள். அவள் காசியோவின் கழுத்தைக் கட்டிக்கொள்வதை இரண்டு காட்சிக்கு முன் பார்த்துவிட்டால், அவன் கையை வைத்துக் காட்டும்போது யாரைச் சொல்கிறான் என்று பார்க்கிறவருக்குத் தெரியும், ஒதெல்லோவுக்கு மட்டும் தெரியாது. டெம்பெஸ்ட் படத்துக்காரர்கள் செய்த அதே வேலைதான், திரைச்சீலை சொன்ன மாதிரி.

நிழலாட்டம்:
ஆமாம், அதைத்தான் சேர்க்கிறோம். இன்னொன்று, கைக்குட்டையில் ஸ்ட்ராபெரிப் பழங்கள் பின்னியிருக்கும் என்று நாடகத்தில் வருகிறது. ஆள் முழுசாகத் தெரிகிற தூரத்தில் கேமரா நின்றால் கறுப்பு வெள்ளையில் அது வெறும் சாம்பல் துணியாகத்தான் தெரிகிறது. கைமாறும்போது அதே கைக்குட்டைதான் என்று எப்படி அடையாளம் காட்டுவது?

பழையரீல்:
அந்தக் காலத்து ஃபிலிமுக்குச் சிவப்பு நிறமே உறைக்காது, சிவப்பெல்லாம் கறுப்பாகத்தான் விழும். வெள்ளைத் துணியில் உள்ளங்கை அளவு பெரிய சிவப்புப் பழமாகப் பின்னுங்கள், கலரில் எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சிவப்பை மட்டும் நன்றாக இறக்குங்கள். பழங்கள் கரும்புள்ளிகளாகத் தனியாகத் தெரியும். முகங்களும் கொஞ்சம் கறுக்கும், உதடு ரொம்பவே கறுக்கும், அதனால் மேக்கப் போட்டு ஒரு ஷாட் சோதித்துப் பார்த்துவிட்டு மற்றதை எடுங்கள்.